தோட்டத்துச் சபைக்குக் குரு வெளியிலிருந்துதான் வரவேண்டுமா?

மருதானை

கொழும்பிலுள்ள தமிழ் அங்கிலிக்கன் சபைகளின் செயற்குழு அங்கத்தவர்களுக்கு,



இது காசு கேட்டு எழுதும் மடல் இல்லை. மலையகம் என்றதும் நத்தார்ப் பொதி, பாடசாலைக் கொப்பி, பழைய ஸ்வெட்டர் என்று உங்கள் மனம் ஓடும் என்பது எனக்குத் தெரியும். வருடத்துக்கு ஒருமுறை பஸ் பிடித்துத் தோட்டத்துக்குப் போய், கோவில் வாசலில் வரிசையாக நிற்க வைத்துக் கொடுத்து, படம் எடுத்துக்கொண்டு பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுகிறோம். அதை விடச் சொல்லவில்லை. தோட்டத்துச் சபைகள் நம்மிடம் கேட்பது வேறொன்று. அதைக் கேட்கும் இடத்தில் அவர்கள் இல்லை; மறைமாவட்டப் பேரவையில் கை உயர்த்தும் உரிமை பெரும்பாலும் உங்களுக்கே இருக்கிறது. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவன். பிழைப்புக்காகக் கொழும்புக்கு வந்து, பஞ்சிகாவத்தையில் மோட்டார் உதிரிப்பாகக் கடையில் கணக்கு எழுதி, மருதானையிலேயே குடும்பமானவன். எங்கள் தோட்டத்துச் சின்னக் கோவிலில் ஆராதனை எப்படி நடக்கிறது என்று முதலில் சொல்கிறேன். குருவானவர் ஒருவர், அவர் பார்க்கவேண்டிய கோவில்கள் பல. ஒரு மலையிலிருந்து அடுத்த மலை கண்ணுக்குக் கிட்டத்தான் தெரியும், பாதையில் போனால் ஒன்றரை மணித்தியாலம். எங்கள் முறை மாதத்தில் ஒரு ஞாயிறு. மழைக்காலத்தில் அதுவும் உறுதியில்லை.

மற்ற ஞாயிறுகளில் சாவியைக் கொண்டுவந்து கதவைத் திறப்பவர் பிள்ளைக்காம்பரா ஆயா. பெயர் சொன்னால் கூச்சப்படுவார், விட்டுவிடுகிறேன். சனிக்கிழமை பின்னேரம் கூட்டித் துடைத்து, மெழுகுதிரி முட்டியைச் சுரண்டி, மேசை விரிப்பை மாற்றுகிறவர் அவர். ஞாயிறு காலைச்செபத்தை நடத்துகிறவர் அவர். ஞானஸ்நானப் பதிவேட்டையும் அவரே பிளாஸ்டிக் உறையில் சுற்றி வீட்டில் வைத்திருக்கிறார். கோவில் கூரை ஒழுகும். லயத்தில் யாருக்குச் சுகமில்லை, எந்த வீட்டில் புருஷன் சம்பளப் பணத்தோடு தவறணைக்குப் போய்விட்டான், எந்தப் பெண் பிள்ளை பெற்றபின் யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறாள் என்பதெல்லாம் அவருக்கு ஞாயிறு வரை காத்திராமலே தெரியும். தாய்மார் கொழுந்துக்குப் போகுமுன் விடியலில் பிள்ளையை அவர் கையில்தானே கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.

அவர் ஆராதனை நடத்துவதைக் கவனித்திருக்கிறேன். பாவஅறிக்கை முடிந்ததும் குருவானவராக இருந்தால் சபையைப் பார்த்து, கடவுள் உங்களை மன்னிப்பாராக என்று சொல்வார். ஆயா குரு இல்லை, ஆகவே சபையோடு சேர்ந்து முழங்காலில் நின்று, எங்களை மன்னியும் என்று வேண்டுகிறார். அந்த இடம் வரும்போது குரல் கொஞ்சம் இறங்கும். அதற்குப் பிறகு அப்பமும் இல்லை, இரசமும் இல்லை. ஒரு பாட்டைப் பாடி முடித்துவிடுகிறார்கள். மேசை விரிப்பு மட்டும் வெள்ளைவெளேரென்று கிடக்கும்.

2022ஆம் ஆண்டு நினைவிருக்கிறதா? கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீட்டர் பெட்ரோல். நாம் கொழும்பில் சைக்கிள் வாங்கினோம், நடந்தோம், சிரமப்பட்டோம். மலையில் பல கோவில்களுக்கு ஒரே மோட்டார் சைக்கிளில் ஓடுகிற குருவானவருக்கு 4 லீட்டர் எதற்குக் காணும்? இரண்டு மலை ஏறி இறங்கினால் தாங்கி காலி. ஆகவே எங்கள் மக்கள் திருவிருந்து பெறுவதா இல்லையா என்பதைப் பல கிழமைகள் எரிபொருள் நிலையத்து வரிசை தீர்மானித்தது. பிறகு 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல். மண் சரிந்து பாதைகள் அறுந்தன, ரயில் பாதையும் அறுந்தது. நாட்டில் அறுநூறுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். மலையக மாவட்டங்கள்தான் அதிகம் அடிபட்டன. பாதை அறுந்த தோட்டத்துக்கு வெளியிலிருந்து எந்தக் குருவானவரும் ஏறிப்போக முடியாது. அப்படியான நாட்களில் அடக்கம் செய்கிறவர்களும், மறுநாள் அந்த வீட்டுத் திண்ணையில் போய் உட்காருகிறவர்களும் தோட்டத்துக்குள்ளேயே இருப்பவர்கள்தான்.

நான் சொல்ல வருவது இவ்வளவுதான். அந்தச் சபைகளுக்கு ஊழியர் இல்லை என்று நாம் வழக்கமாகப் பேசுகிறோம். ஊழியர் இருக்கிறார். வேலையும் செய்துகொண்டு ஊழியமும் செய்கிறார். நாம் அவருக்குக் குருப்பட்டம் கொடுக்கவில்லை, அது ஒன்றுதான் குறை. அவருடைய தொழிலை விடச் சொல்லாமல், தோட்டத்தைவிட்டுக் கிளப்பாமல், அங்கேயே குருவாக்கவேண்டும் என்று உங்கள் வாயால் பேரவையில் கேட்கவேண்டும்.

இது ஏதோ நவீன யோசனை என்று நினைக்கவேண்டாம். மலையகத்தில் நம் திருச்சபை வேரூன்றியதே குருமாரால் இல்லை. 1854இல் கோப்பித் தோட்டத் துரைமார் சிலர் சேர்ந்து, தங்கள் தோட்டங்களில் வேலை செய்த தமிழரிடையே ஊழியம் நடத்த ஏற்பாடு செய்தார்கள். தமிழ்க் கூலி மிஷன் என்று அதற்குப் பெயர். திருநெல்வேலியில் பணி செய்து தமிழ் பழகிய செப்டிமஸ் ஹொப்ஸ் மேற்பார்வைக்கு வந்தார். அவருடைய சம்பளம் சி.எம்.எஸ். என்ற மிஷனரிச் சங்கத்துடையது, உபதேசியார்மாரின் சம்பளம் துரைமாரின் சந்தா. அந்த உபதேசியார்மாரும் திருநெல்வேலிக்காரர்கள். பெரட்டு முடிந்து ஆட்கள் மலைக்குப் போய்விட்டால் பகலில் யாரோடு பேசுவது? பொழுது இறங்கும்வரை காத்திருந்து, லயத்து வாசலில் லாந்தரை வைத்துக்கொண்டு பேசினார்கள், மறுநாள் அடுத்த தோட்டத்துக்கு நடந்தார்கள். ஞானஸ்நானத்துக்கு ஆயத்தம் செய்தவர்களும், வாசிக்கக் கற்றுக்கொடுத்தவர்களும், காலரா வந்தபோது கூட இருந்தவர்களும் இவர்களே. துரைமாருக்கு வோலி, ஹப்புத்தளை என்று அழகான கற்கோவில்களும் ஆங்கிலேயச் சாப்ளினும் இருந்த காலத்தில், தமிழருக்கு இருந்தது ஓர் உபதேசியாரும் ஒரு லாந்தரும்.

இந்த உபதேசியார்மாரை யார் மேற்பார்வை செய்வது என்பதே பெரிய சண்டையாகிவிட்டது. முப்பது வயதில் ஆயராகி வந்த ரெஜினல்ட் கொப்பிள்ஸ்டன், 1876இல் சி.எம்.எஸ். மிஷனரிமாரின் அனுமதிப் பத்திரங்களைத் திரும்பப் பெற்றார். இங்கிலாந்து வரை வழக்குப் போல் போய், தீர ஆண்டுகள் பிடித்தன. எனக்கு அந்தக் கதையில் உறுத்துவது ஒன்று: ஆயரின் அதிகாரம், சங்கத்தின் அதிகாரம், துரைமாரின் பணம் என்று அத்தனையும் பேசினார்கள், ஊழியம் செய்கிற அந்த மனிதர்களையே குருவாக்கினால் என்ன என்பது அந்தச் சண்டையின் மையத்துக்கு வரவேயில்லை. கிறிஸ்தியான் தாவீதின் கதை அவர்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தரங்கம்பாடியிலிருந்து 1801இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து, இருபது வருடத்துக்கு மேல் பட்டமில்லாமலே பிரசங்கித்து, 1824இல்தான் கல்கத்தாவில் ஆயர் ஹீபரின் கையால் குருப்பட்டம் பெற்றார் அவர். நம்மவருக்குக் காத்திருப்பு அன்றே தொடங்கிவிட்டது.

அடுத்து 1964. சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இங்கேயும் என்று பங்கு போட்டது. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பாடிய குடும்பங்கள் கோத்தகிரிக்கும் கூடலூருக்கும் போயின. 1977இலும் 1983இலும் அடிபட்டவர்கள் வவுனியாப் பக்கம் இறங்கினார்கள். எஞ்சிய சபைகள் பதினைந்து இருபது குடும்பங்களாகச் சுருங்கின. முழுநேரக் குருவானவரை வைத்துக் காப்பாற்ற அந்தக் குடும்பங்களால் ஒருநாளும் முடியாது. நாட்சம்பளம் 1,000 ரூபாயாக 2021 வரை காத்திருந்தவர்கள். 1,350 ஆக 2024 வரை காத்திருந்தவர்கள். அதுவும் நிறுவையில் கொழுந்து குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். அந்தக் கையிலிருந்து வரும் காணிக்கையில் ஒரு குருமனையை நடத்தச் சொல்வது நியாயமா? நடத்த முடியாததால் குரு இல்லை, குரு இல்லாததால் சபை கரைகிறது என்பதுதான் இப்போதைய நிலை.

கரைகிறவர்கள் எங்கே போகிறார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும். மேல் லயத்தில் பெந்தகொஸ்தே பாஸ்டர் குடியிருக்கிறார். பகலில் மரக்கறித் தோட்டம் செய்கிறார், இரவில் செபக் கூட்டம் வைக்கிறார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பத்து நிமிடத்தில் வந்து தலையில் கை வைக்கிறார். அவருடைய உபதேசத்தில் எனக்கு ஆயிரம் ஆட்சேபம் உண்டு. ஆனாலும் அவர் பக்கத்தில் இருக்கிறார். மாரியம்மன் கோவிலைப் பாருங்கள். பல தோட்டங்களில் பூசாரி தேயிலை ஸ்டோரில் வேலை செய்கிற தொழிலாளிதான். வேலை விட்டு வந்து, குளித்து, திருநீறு பூசிக்கொண்டு கதவைத் திறக்கிறார். பாதி நேரப் பூசாரி என்று யாரும் அவரை இளக்காரமாகப் பேசியதில்லை. அக்கம்பக்கத்தார் அனைவருக்கும் சாதாரணமாகத் தெரிகிற ஒன்று நமக்கு மட்டும் ஏன் இவ்வளவு சிக்கலாகத் தெரிகிறது?

பவுல் கூடாரத் தொழில் செய்தார் என்று பேரவைப் பேச்சுகளில் ஆளுக்கொரு தரம் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். நான் அதைத் தொடப்போவதில்லை. ரோலண்ட் அலன் என்ற அங்கிலிக்கன் குருவைச் சொல்கிறேன். சீனாவில் மிஷனரியாக இருந்தவர். வெளியிலிருந்து சம்பளக்காரரை அனுப்பி, அவர் வரும்வரை சபையைக் காக்க வைப்பது சபையைப் பட்டினி போடுவது என்று 1912இலிருந்து எழுதினார். தொழில் செய்தபடியே குருவாக இருப்போருக்காக வாதாடி 1930இல் தனி நூலே போட்டார். அந்த ஆண்டு கூடிய லம்பெத் ஆயர் மாநாடு அதைப் பொதுத் திட்டமாகப் பரிந்துரைக்க மறுத்தது. 1958இல் அதே மாநாடு, ஒருவர் தம் தொழிலை விடாமலே குருவாவதைத் தடுக்கும் இறையியல் கொள்கை எதுவும் இல்லை என்று 89ஆம் தீர்மானத்தில் ஏற்று, பொருத்தமான இடங்களில் அதற்கு வழி செய்யும்படி உலகெங்குமுள்ள திருச்சபைகளை ஊக்குவித்தது. இரண்டே வருடத்தில் லண்டனின் சவுத்வர்க் மறைமாவட்டம், வேலைக்குப் போகிறவர்கள் மாலையிலும் வார இறுதியிலும் படித்துக் குருப்பட்டம் பெற ஒரு கற்கைநெறியைத் தொடங்கிவிட்டது. லண்டனில் பஸ்ஸும் ரயிலும் நிறைய, குருமாரும் நிறைய. நமக்குத்தான் அது இன்னும் தேவை, நாம்தான் யோசித்துக்கொண்டிருக்கிறோம்.

படிப்பு வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். பிலிமத்தலாவையில் 1963இல் இலங்கை இறையியல் கல்லூரியை நம் முன்னோர் மற்றத் திருச்சபைகளோடு சேர்ந்து கட்டியது, சிங்களத்திலும் தமிழிலும் படிப்பிக்கத்தான். அருமையான காரியம். ஆனால் அங்கே போய்த் தங்கிப் படிக்க, அந்த ஆயா பிள்ளைக்காம்பராவை விடவேண்டும், வீட்டை விடவேண்டும். படித்து முடித்தால் ஆயர் அனுப்புகிற இடத்துக்குப் போகவேண்டும், அது எங்கள் தோட்டமாக இருக்காது. தோட்டத்திலிருந்து ஒரு பிள்ளை குருவாகப் போனால் ஆனந்தப்படுகிறோம். அந்தப் பிள்ளை திரும்பி வருவதில்லை. கல்லூரி ஆசிரியர்கள் மாதந்தோறும் போயா நாளில் பண்டாரவளையிலோ ஹட்டனிலோ வந்து உட்கார்ந்தால், ஐந்தாறு தோட்டத்தார் அங்கே வந்து படிப்பார்கள். வேதத்தைக் கரைத்துக் குடித்த ஆட்கள் லயத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தேவைப்படுவது திருச்சபை வரலாறும், வழிபாட்டு ஒழுங்கும், ஒருவர் மனம்விட்டுச் சொன்னதை வெளியில் சொல்லாமல் காக்கும் பழக்கமும். மூன்றாவதில் நம் நகரத்துக் குழுக்களுக்கும் ஒரு வகுப்பு வைத்தால் நல்லது.

எனக்கும் பயங்கள் உண்டு, மறைக்கவில்லை. முதல் பயம், இது மலிவாக முடிகிற வேலை என்று மேலிடத்துக்குத் தோன்றிவிடும் என்பது. சம்பளம் கொடுக்கத் தேவையில்லாத குரு கிடைத்தால், இருக்கிற முழுநேர இடங்களையும் மெல்லக் குறைத்துவிடலாம் என்று ஒரு கணக்குப்பிள்ளை மூளை எங்காவது வேலை செய்யும். நானே கணக்கு எழுதிப் பிழைத்தவன், அந்த மூளையை எனக்குத் தெரியும். ஆகவே முழுநேரக் குருவானவர் இருந்தே ஆகவேண்டும். அவர் கோவில் கோவிலாக ஓடி அப்பம் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிக்கிற ஆளாக இல்லாமல், தோட்டத்துக் குருமாரைக் கூட்டி வைத்துப் படிப்பித்து, தாங்கி, தவறினால் கண்டிக்கிற ஆளாக இருக்கட்டும். தோட்டத்துக் குருவுக்குச் சம்பளம் இல்லாவிட்டாலும் பஸ் செலவும், போன் செலவும், வேலை விட்ட நாளுக்கான பேரும் கொடுத்தாகவேண்டும். தியாகம் என்ற சொல்லைச் சொல்லி அதைக் கழிக்கக்கூடாது.

இரண்டாவது பயம் இன்னும் சங்கடமானது. தோட்டம் சின்ன உலகம். தொழிற்சங்கக் கட்சி, சாதி, கல்யாணத்தில் வந்த மனஸ்தாபம் எல்லாம் கோவில் வாசலோடு நிற்பதில்லை. வெளியிலிருந்து வந்த குருவானவர் பிடிக்காவிட்டால் சில வருடத்தில் மாற்றம் வரும். உள்ளூர்க்காரரை எங்கே மாற்றுவது? ஒரே ஆளைக் குருவாக்கி, அவரும் அவர் குடும்பமும் கோவிலைப் பரம்பரைச் சொத்தாக்கிக்கொண்டால் என்ன செய்வது? ரோலண்ட் அலன் இதற்குச் சொன்ன வழி எனக்குச் சரியாகப் படுகிறது: ஓரிடத்தில் ஒருவரை மட்டும் நியமிக்காதே, சிலரை நியமி. எங்கள் தோட்டத்திலேயே ஆயாவோடு இன்னொருவர் இருக்கிறார், ஸ்டோரில் கொழுந்து வாட்டும் பகுதியில் வேலை செய்கிற அண்ணன். வேறு லயம், வேறு சங்கம். இருவருக்கும் எப்போதும் ஒத்துப்போகாது. ஆனாலும் ஒருவருக்கு ஒருவர் கணக்குச் சொல்லவேண்டி வரும். இருவரையும் சேர்த்துத்தான் நான் கேட்கிறேன்.

இனி உங்களைப் பற்றி. கோபிக்கவேண்டாம். நம் நகரத்துச் சபையில் ஒரு வழக்கறிஞரோ வங்கி முகாமையாளரோ வேலையில் இருந்தபடியே குருப்பட்டம் பெற்றால், என்ன தாழ்மை, என்ன அர்ப்பணிப்பு என்று நாம் மாலை போடுவோம். அதையே பிள்ளைக்காம்பரா ஆயா பெற்றால், படிப்பு காணுமா என்று கேட்போம். அவர் ஒருநாள் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ நம் பீடத்தில் நின்று அப்பத்தைப் பிட்டால், எத்தனை பேர் எழுந்து முன்னால் போவோம்? ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும்போது, எந்த ஊர் என்று கேட்டு, தோட்டத்தின் பெயரைக் கேட்டதும் பேச்சை முடித்துக்கொள்கிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. பஞ்சிகாவத்தைக் கடைகளிலும் மருதானைச் சாப்பாட்டுக் கடைகளிலும் வேலை செய்கிற தோட்டத்துப் பிள்ளைகள், ஞானஸ்நானம் பெற்ற அங்கிலிக்கன் பிள்ளைகள், போர்டிங் அறையில் ஞாயிற்றுக்கிழமை உடுப்புத் துவைத்துக்கொண்டு இருக்கிறார்கள். கோவில் எங்கே என்று அவர்களுக்குத் தெரியும். ஒரு தடவை வந்தும் பார்த்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவரே மாலை நேரத்தில் அவர்களுக்குக் குருவாக இருக்கமுடியுமா என்று கேட்டுப் பாருங்கள். கிராமத்துக்குத் தேவையானது நகரத்துச் சந்துக்கும் தேவைதான்.

கண்டி, மாத்தளைப் பக்கத்துச் சபைகள் 1950இலிருந்து குருநாகல் மறைமாவட்டத்தில் இருக்கின்றன. அங்கே நம் வாக்குச் செல்லாது. ஆனால் ஊவாப் பக்கம் நம் கொழும்பு மறைமாவட்டத்துடையது. அடுத்த பேரவைக் கூட்டத்துக்கு உங்கள் சபையின் பெயரில் ஒரு பிரேரணை அனுப்புங்கள்: தொழிலில் இருப்போரைத் தாம் வாழும் தோட்டத்திலேயே குருவாக்கும் ஒழுங்கு, அதற்கான படிப்பு, முழுநேரக் குருவானவரின் மேற்பார்வை, செலவுக்கான நிதி ஆகிய நான்கும் ஒரே தாளில் வரட்டும். படிப்பு இல்லாமல் பட்டத்தை மட்டும், அல்லது நிதி இல்லாமல் பாராட்டை மட்டும் நிறைவேற்றவேண்டாம். அதை எழுதுமுன் தோட்டத்தார் சிலரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். கூட்டத்தைச் சனிக்கிழமை வைத்தால் அவர்களுக்கு அது வேலைநாள், ஒரு பேர் போகும். ஞாயிறு வைத்தால் கோவிலைத் திறக்க ஆள் இருக்காது. போயா நாளில் வையுங்கள். பஸ் காசை முன்கூட்டியே அனுப்புங்கள், வந்தபின் தருகிறோம் என்றால் அவர்களால் புறப்பட முடியாது. ஆங்கிலத்தில் நிகழ்ச்சி நிரல் அடிக்கவேண்டாம். இரவு தங்குவதற்கு மருதானையில் என் வீட்டில் மூன்று பேருக்கு இடம் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்களில் ஒரு சபை வாசகன்